தூசி பிடிக்கும் டிரம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் ல, ள எல்லாம் இடம் மாறியிருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் பட்டறை. பம்பு வார்ப்பதற்கான மர அச்சுகளை அங்கே செய்தார். எங்கள் குடும்பத்தில் காடு, தோட்டம் என்று அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகாமல் சொந்தமாகத் தொழில் வைத்த முதல் ஆள் அவர். ஆனால் ரம்பம் ஓடினால் வீடு முழுக்க மாவு போலத் தூசி பறக்கும். தங்கைக்கு அப்போது நான்கு வயது. இரவெல்லாம் மூச்சு இழுக்கும். ஒன்று தூசி அடங்க வேண்டும், இல்லை ரம்பத்தை விற்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

அப்பா ஒரு பழைய எண்ணெய் டிரம்மை வாங்கி வந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு குழாயைச் சாய்த்துப் பொருத்தினார். காற்று உள்ளே சுழன்றால் கனமான தூள் அடியில் இறங்கிவிடுமாம். மேலே பழைய மோட்டாரில் தகர இறக்கைகள். மிச்சத் தூசியைப் பிடிக்கக் காடாத் துணியில் அம்மா ஒரு பை தைத்தாள். இடுக்குகளை சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தது நான்.

பெரியப்பா வாசலில் நின்று சிரித்தார். "ஏண்டா தம்பி, கூட்டறதுக்கு ஒரு மிசினா? ஊட்டுல வெளக்குமாறு இல்லியா?"

"ஓட்டிக் காட்டறனுங்க, பார்த்துப்போட்டுச் சொல்லுங்க" என்றார் அப்பா.

முதல் ஓட்டத்தில் பை கழன்று, தூள் முழுக்கப் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. இரண்டாவது ஓட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மாலையில் தரையைக் கையால் தடவிப் பார்த்தோம். ஒட்டவில்லை. ஒரு வாரம் தங்கை இழுப்பு இல்லாமல் தூங்கினாள். அப்பா தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

டிரம் நிறைந்தது. மண் கலக்காத, சலித்தது போன்ற தூள். கொட்ட மனம் வரவில்லை. டீக்கடையில் மரத்தூள் அடுப்பைப் பார்த்திருந்த நான் அம்மாவிடம் யோசனை சொன்னேன். ஒரு தகர டின்னில் அடுப்பும் தயாரானது. நடுவே துளை விழுவதற்காக ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை மெல்ல உருவ வேண்டும். அது என் வேலை. யாராலும் என்னைப்போல இறுக்கமாக இடிக்க முடியாது என்று அம்மா சொன்னாள். அடைமழைக் காலம். அதனால் அடுப்பை வீட்டுக்குள்ளேயே வைத்தோம். அது கொழுந்துவிட்டு எரியாமல் நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும்.

நான்காம் நாள் அம்மா பட்டறைக்கு ஓடி வந்தாள். "ஏனுங்க, பாப்பாவுக்கு மறுபடியும் இழுக்குதுங்க."

அப்பா டிரம்மை முழுக்கப் பிரித்தார். இன்னும் டியூப் வைத்து அடைத்தார். ஈரத்துணியைப் பிடித்துத் தூசி ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. ஆனால் இழுப்பு நிற்கவில்லை. பத்து நாள் போராடிவிட்டு, தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, "உங்கப்பன் மிசினு தோத்துப்போச்சு கண்ணு" என்றார்.

ரம்பம் டெம்போவில் ஏறிப் போனது. அப்பா இரும்பு வார்க்கும் பட்டறைக்குக் கூலியாகப் போனார். தூள் இல்லாததால் அடுப்பும் மூலைக்குப் போனது. கொஞ்ச நாளில் தங்கைக்கு இழுப்பு நின்றது. "நான் அப்பவே சொன்னனில்ல, தூசிதான்னு" என்றார் பெரியப்பா. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் என் மகளுக்கு மூச்சு இழுத்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "ஊட்டுல குளிக்கத் தண்ணி எதுலீங்க காய வெக்கறீங்க? பொகை வருதுங்களா?" வீட்டுக்குள் நாள் முழுக்கக் கனன்ற அந்தத் தகர டின் அடுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா இறந்து வெகு காலமாகிறது.

அவர் அந்த டிரம்மை மட்டும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைத் திறந்து, எங்கே கோளாறு என்று தேடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய்க்குள் கண்ணை வைத்து, அவரோடு சேர்ந்து தேடினேன். கோளாறு அதில் இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தது, ஐப்பசி மாதம் இரண்டாம் ஞாயிறு.