சின்னண்ணன் வீட்டு மழைக்கால ஏற்பாடுகள்

சின்னண்ணன் கஞ்சன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதுச்சத்திரத்துக்கு மேற்கே அவருக்கு ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. முட்டைக் கோழிக்கு, செட்டு என்று சொல்கிற கொட்டகைகள் மூன்று, குஞ்சுகளுக்குத் தனியாக ஒன்று. அந்தக் கோழிகளைக் கேட்டால் சின்னண்ணனைப் போலத் தாராளமான மனிதர் ஜில்லாவிலேயே கிடையாது என்றுதான் சொல்லும்.

ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டு வந்தால் போதும், மனிதர் பம்பரமாகிவிடுவார். செட்டுகளுக்குப் புதுப் படுதா வாங்கி இரண்டு பக்கமும் கட்டுவார். காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கி, சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் மூடி, தூளியில் கிடக்கும் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். கூரைத் தகட்டில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் அன்றைக்கே ஆள் வந்து அடைத்துவிட வேண்டும். தீவனம் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மூட்டைகளைப் பலகைமேல் அடுக்குவார். குஞ்சு செட்டுக்குக் குண்டு பல்புகள், கரி அடுப்பு, கரண்ட் போனால் உடனே ஓட ஒரு ஜெனரேட்டர். கோழி டாக்டர் சுகன்யா மாதம் ஒருமுறை வந்து எதைச் சொன்னாலும் கையைக் கட்டி நின்று கேட்பார். அந்த அம்மாள் தும்மினால்கூட அதை நோட்டில் எழுதிக்கொள்வாரோ என்று தோன்றும்.

இதையெல்லாம் முடித்த பிறகு, நேரமும் சாமானும் மிச்சமிருந்தால், வீட்டுக்கு வருவார்.

வீடு பண்ணையின் ஓரத்திலேயே இருக்கும் ஓட்டு வீடு. பதினோரு இடத்தில் ஒழுகும். அதற்குப் பதினோரு பெயிண்ட் டப்பா வைத்திருந்தார். சின்னண்ணன் போட்ட கணக்கில் அது ஒழுகல் இல்லை, தண்ணீர் வரத்து. கக்கூசுக்கு ஊற்ற மோட்டார் போட வேண்டியதில்லை. செட்டிலிருந்து கழித்த கிழிந்த படுதாக்கள் வீட்டு ஜன்னல்களுக்கு வந்து சேர்ந்தன. பழைய பைக் டியூபைப் பட்டையாக வெட்டிக் கதவுக்கு அடியில் ஆணியடித்தார். வெளித் தண்ணீர் உள்ளே வராதாம். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாது என்பதை அவர் யோசிக்கவில்லை. கூரைமேல் போர்த்த ராசிபுரத்து மண்டபத்தில் கழற்றிப் போட்ட கல்யாண பேனர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் சரியாக அடுப்பங்கரைக்கு மேலே மல்லாந்து கிடந்து, மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஒத்த ரூவா செலவில்லீங்க. ஊடு மழைக்கு ரெடி” என்று டீக்கடையில் சொல்லுவார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருக்கப் போவதில்லையே.

இருக்க வேண்டியவள் அவர் மனைவி வசந்தாமணி. ஒரு வருஷம் அவளும் கேட்டுப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒழுகற ஓடுகள மட்டும் மாத்திப்போடலாமுங்களே?”

“கோழிக்கு ஈரம் பட்டா முட்டை கொறையும். உனக்கு ஈரம் பட்டா என்ன புள்ள கொறையுது?”

வசந்தாமணி அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். பதில் இல்லாமல் இல்லை; அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

போன கார்த்திகையில் மகள் தனப்பிரியா, எட்டு மாதக் குழந்தை தர்ஷனைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் தங்குகிற மாதிரி பிறந்த வீட்டுக்கு வந்தாள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் வீட்டில் கட்டிக்கொடுத்த பெண். பேரன் வருகிறான் என்றதும் சின்னண்ணனுக்கும் மனசு இளகிவிட்டது. இந்த முறை வீட்டுக்குப் புதிதாக ஏதாவது செய்தே தீருவது என்று முடிவுசெய்து, பண்ணையில் மிஞ்சிய முட்டை அட்டைகளை எடுத்துவந்து, மைதா பசை காய்ச்சி, மகள் படுக்கும் அறையின் சுவர் முழுக்க ஒட்டினார். அட்டையின் குழிக்குள் காற்று நின்றுகொள்ளுமாம், அதைத் தாண்டிக் குளிர் வராதாம்.

“என்னங்கப்பா இது, முட்டைக்குள்ள படுத்த மாதிரி இருக்குது” என்றாள் தனப்பிரியா.

“அதாஞ் சாமி. முட்டைக்குள்ள குளிருமா?”

மறுநாள் பிடித்த மழை விடவில்லை. இரண்டு நாள் பொறுத்த அட்டைகள் மூன்றாம் நாள் ஈரத்தில் ஊறி, தோசை மாவைப் போலப் பொங்கி, மத்தியானம் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. நாலு அட்டை தனப்பிரியாவின் தலையில் விழுந்தன. ஒன்று குழந்தையின் பக்கத்தில் விழுந்தது. அவன் அதைப் பிய்த்து வாயில் வைத்தான். கூடவே தும்மவும் ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. வீடு இருண்டது. எதிரே குஞ்சு செட்டில் ஜெனரேட்டர் உறுமியது, நூறு பல்பும் குப்பென்று எரிந்தன.

சின்னண்ணன் அப்போது குஞ்சுகளுக்குச் சளி மருந்து வாங்க நாமக்கல் போயிருந்தார்.

வசந்தாமணி இருட்டில் நின்று கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். பிறகு மகளிடம், “கொழந்தையத் தூக்கு, தனா” என்றாள். நாடாக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். செட்டு வாசலில் இருந்த மருந்துத் தண்ணீரில் இருவரும் முறையாகக் காலை நனைத்தார்கள், கையைக் கழுவினார்கள். படுதாவை விலக்கி உள்ளே போனதும் வெதுவெதுவென்று காற்று முகத்தில் பட்டது. தரையில் உமி உலர்ந்து கிடந்தது. தடுப்புக்குள் ஐயாயிரம் குஞ்சுகள் கீச்கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. முப்பது வருஷக் குடித்தனத்தில் கார்த்திகை மாதத்தில் வசந்தாமணியின் பாதம் சூடாக இருந்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு நனைந்துகொண்டு வந்து சேர்ந்த சின்னண்ணன், செட்டுக்குள் கட்டிலையும் அதன்மேல் சாய்ந்திருந்த மனைவியையும் பார்த்து அலறிவிட்டார்.

“அடக் கெரகமே! வெளியாளு உள்ள வந்தா நோவு ஒட்டிக்குமுன்னு டாக்டரம்மா எத்தன தடவ சொல்லியிருக்குது!”

“நான் வெளியாளுங்களா?” என்றாள் வசந்தாமணி, எழுந்திருக்காமலே.

அதற்குள் தனப்பிரியாவின் கைபேசி அடித்தது. தினம் நாலு மணிக்குப் பேரன் முகத்தைப் பார்க்க வீடியோவில் கூப்பிடுகிற சம்பந்தியம்மாள் சாரதாமணி. தனப்பிரியா யோசிக்காமல் எடுத்துவிட்டாள்.

“தங்கக்கட்டி, என்ன பண்றீங்க… ஏனுங்கண்ணா, அங்க நிக்கறது நீங்களா? அதென்ன சத்தம்?”

“மழைச் சத்தமுங்க அம்மிணி” என்றார் சின்னண்ணன்.

“கொழந்தைக்குப் பின்னால மஞ்ச மஞ்சளா என்னமோ ஓடுதுங்களே?”

“பொம்மைங்க. பேட்டரி பொம்மை.”

“இத்தனையா?”

வசந்தாமணி எழுந்து வந்து, மகள் கையிலிருந்த கைபேசியை வாங்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பல்பு, படுதா, கரி அடுப்பு, ஐயாயிரம் குஞ்சு, கட்டில். “ஊட்டுல அட்டை உழுந்துருச்சுங்க. இங்க நல்லா சூடா இருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

“நான் கார் அனுப்பறேன்” என்றாள் சாரதாமணி.

சின்னண்ணன், குஞ்சுகளுக்கு என்ன ஆகுமோ என்று பதறிப்போய்க் கோழி டாக்டருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட சுகன்யா சிரிக்கவில்லை. “குஞ்சுக்கும் நல்லதில்லீங்க, அந்தத் தூசி கொழந்தைக்கும் ஆகாதுங்க. உடனே வெளிய கூட்டீட்டு வாங்க. இன்னும் பத்து நாளைக்கு வேலையாளத் தவிர யாரும் செட்டுக்குள்ள போகக் கூடாது” என்றாள். பிறகு, “நீங்களுந்தானுங்க” என்று சேர்த்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் வந்தது. குழந்தை ஏறினான், தனப்பிரியா ஏறினாள், கையில் ஒரு துணிப்பையோடு வசந்தாமணியும் ஏறினாள்.

“நீ எங்க புள்ள?”

“சோறு பானையில இருக்குதுங்க. ரசம் வெச்சிருக்கறேன். குஞ்சுங்களப் பாத்துக்குங்க, நான் வாரேன்.”

வாரேன் என்றவள் எப்போது என்று சொல்லவில்லை.

அடுத்த எட்டு நாள் சின்னண்ணன் தம்முடைய ஏற்பாடுகளுக்குள் தாமே குடியிருந்தார். டப்பாக்கள் மாறி மாறி நிறைந்தன. இரண்டைக் கவிழ்ப்பதற்குள் மூன்று வழிந்தன. வழிந்தது வெளியே போகாமல் டியூப் பட்டை காவல் காத்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டால் தீவன வாடை, போர்த்தாவிட்டால் பல் தந்தியடித்தது. நாலாம் நாள் சளி பிடித்தது. குளிர் தாங்காமல் குஞ்சு செட்டுப் பக்கம் போனார். ஒரிசாக்கார வேலையாள் வாசலில் குறுக்கே கை நீட்டி, “அய்யா தும்முது. உள்ள வரக் கூடாது, டாக்டர் சொல்லிச்சு” என்றான். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த விதியை அவனுக்கு மூன்று தடவை சொல்லி மனப்பாடம் பண்ணவைத்தவர் சின்னண்ணன்தான். சொந்தச் செட்டுக்கு வெளியே, படுதா இடுக்கில் வழியும் சூட்டில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

போதாக்குறைக்குக் கதை ஊருக்குள் வந்துவிட்டது. கார் ஓட்டி வந்தவன் வழியில் ஒரு டீ குடித்திருந்தான், அவ்வளவுதான். “ஏனுங்க, உங்க பேட்டரி பொம்மை முட்டை போடுங்களா?” என்று ஒருத்தர் கேட்டார். சின்னண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். முழு டீக்குக் காசு கொடுத்து அரை டீயை விட்டுப்போனதை வைத்தே அவர் உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஊர் தெரிந்துகொண்டது.

ஒன்பதாம் நாள் மழை விட்டதும் செட்டுக்குக் கூரை போடுகிற ஆட்களையே வரவழைத்தார். வீட்டுக்குச் செலவு என்று நினைத்தால் மனசு வராததால், இது ஐந்தாவது செட்டு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அப்படி நினைத்ததும் தாராளம் தானாக வந்தது. ஓடுகளைப் பிரித்துப் புதுத் தகடு ஏறியது, உள்ளே சூட்டை வெளியே விடாத பலகை அடித்தாயிற்று, ஜன்னலுக்குப் புதுப் படுதா, சுற்றிலும் தண்ணீர் ஓடக் கால்வாய், வாசல் சுவரில் ஒரு வெப்பமானி. வாசற்படியில் காலை நனைக்க மருந்துத் தொட்டி ஒன்றும் கட்டச் சொன்னார். அதை மட்டும் கொத்தனார் மறுத்துவிட்டார்.

வசந்தாமணி திரும்பி வந்த அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. வெப்பமானியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். மூக்கு சிவந்து, தலையில் துண்டு கட்டி, அவர் பாராட்டை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“பரவால்லீங்க” என்றாள்.

இப்போது டீக்கடையில் சின்னண்ணனின் பேச்சு மாறிவிட்டது. “மழைக்கு முன்னால ஊட்டை மொதல்ல பாக்கோணுமுங்க. மத்ததெல்லாம் அப்பறம்” என்று ஊருக்கு யோசனை சொல்கிறார். கேட்பவர்கள் சிரிப்பை டீயோடு விழுங்குகிறார்கள்.

இந்தப் புரட்டாசியில், அடுப்பங்கரைத் தரை ஈரம் கசிந்து ஓதம் காக்கிறது, கல்லு பதித்துவிடலாமா என்று வசந்தாமணி கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்போதைக்குச் சாக்கை விரித்துக்கொள் என்றார் சின்னண்ணன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “திருச்செங்கோட்டுக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்குங்க?” என்று மட்டும் கேட்டாள்.

கொத்தனார் திங்கட்கிழமை காலையில் வந்துவிட்டார்.