ஓடி வராத துரைக்கண்ணு

வந்தவாசிக்குப் புறப்படவிருந்த பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டி டிரைவர் ஜன்னல் வழியே சொன்னார்: "துரைக்கண்ணு பூட்டாருபா. காலையில மார்வலி." வண்டி நிறைய ஆள். விசில் கொடுத்தேன். பாலாற்றைத் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது.

அவர் ஓட்டிய வண்டியில் பல வருஷம் நான் கண்டக்டர். நம்மோடு பஸ்ஸில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். முசரவாக்கத்துக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். முப்பது வயதுகூட ஆகாமல் ஊர் திரும்பினார். பென்ஷனும் இல்லை. ஓடி வந்துவிட்டான், இல்லாவிட்டால் துரத்தியிருப்பார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

உண்மை அதுவல்ல. சேரும்போதே பேசிக்கொண்டபடி சில வருஷம் படையில் வேலை, பிறகு வீடு. ஆனால் ரிசர்வில் பெயர் இருக்கும். கூப்பிட்டால் போயாக வேண்டும். டீக்கடையில் இதை எத்தனையோ பேருக்குச் சொன்னார். தலையாட்டிவிட்டு, அவர் எழுந்து போனதும் சிரித்தார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்குப் பெண் பார்க்க நானும் உடன் போனேன். பெண்ணின் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் கஸ்தூரி நேராகவே கேட்டுவிட்டார்: "ஓடியாந்துட்டீங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

"இல்லமா, அனுப்பிச்சாங்க. திரும்பக் கூப்டா போவணும். அதையும் தெரிஞ்சிக்கினு சரின்னு சொல்லு."

கஸ்தூரி சரி என்றார். அவர் அப்பாவின் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

ஒருமுறை செய்யாறு பக்கம் டயர் வெடித்தது. வண்டியைப் பதறாமல் ஓரங்கட்டி நிறுத்தினார். ஆனால் வண்டி நின்ற பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "பட்டாளத்தாருக்கே பயமா?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். "பயப்படாம இருக்க அங்க யாரும் கத்துக்குடுக்கலபா. பயந்துக்கினே வேலையப் பார்க்கத்தான் கத்துக்குடுத்தாங்க" என்றார்.

வங்காளதேசச் சண்டை வந்தபோது அவருக்குத் தந்தி வந்தது. கஸ்தூரிக்கு நிறைமாதம். மாமனார் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"உட்டுட்டு வந்த வேலைக்கு இன்னாத்துக்கு திரும்பப் போற? ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"அப்பிடிச் சொன்னா, இத்தினி நாளா நீங்க என்னப் பத்தி நெனச்சது நெசமாயிடும் மாமா."

பெரியவர் மருமகனின் டிரங்குப் பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சென்னை பஸ் வரை நடந்தார்.

சண்டை முடிந்து துரைக்கண்ணு திரும்பியபோது மகளுக்குக் குப்புற விழும் வயது. புது முகத்தைப் பார்த்து அழுதாள். சிரித்துக்கொண்டே கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டார். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இந்த வாட்டியும் அனுப்பிட்டாங்களா?" துரைக்கண்ணு வாய் திறக்குமுன் மாமனார் குறுக்கிட்டார்: "ரிசர்வுன்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு? ஒக்காரு, சொல்றன்."

முதல்தடவை பட்டாளத்திலிருந்து ஊர் வந்த நாளைப் பற்றி துரைக்கண்ணு ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசினார். "ஏன் வந்துட்டேன்னு எல்லாரும் கேட்டாங்கபா. வா, நல்லாகீறியான்னு ஒருத்தரும் கேக்கல."

அந்த வார்த்தையைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த வேலையை விட்டு யார் ஊர் திரும்பி என் வண்டியில் ஏறினாலும், காரணம் கேட்பதில்லை. "வாப்பா, நல்லாகீறியா?" என்று கேட்டு, பெட்டியை வாங்கி உள்ளே வைக்கிறேன்.