கொச்சிக்குப் போய் வந்த குரவை

ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஸஹீதா வந்துவிட்டாளா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அவள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டால் மாப்பிள்ளை வரும் காரின் ஹோர்ன் ஊமையாகிப் போகும். ஊரில் குரவை போடும் பெண்கள் எத்தனையோ பேர். மூச்சு விடாமல் நீட்டுவதில் தன்னை வெல்ல இன்னும் ஒருத்தி பிறக்கவில்லை என்று அவளே சொல்லுவாள். சும்மா சொல்லக்கூடாது, உண்மையும் அதுதான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் காலை தேத்தண்ணீர் குடித்தபோது, அது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இடக்கண் மூட மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி டொக்டர் குளிசை கொடுத்து, "முகத்து நரம்பு சோர்ந்திருக்கு. பயப்பிட ஒண்டுமில்ல, மெல்ல மெல்ல மாறும்" என்றார்.

மெல்ல மெல்ல என்றால் எப்போது? மகள் நஸ்ஹாவின் கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு வருகிறதே! அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குரவை போட்டுப் பார்த்தாள். ஓட்டைச் சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோல் உஸ்ஸென்றது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டவள், பெற்ற பிள்ளைக்குப் போட முடியாதா? அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல.

மாப்பிள்ளையின் உம்மா ஆறுதல் சொல்ல வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். "ஏன் மச்சி கவலப்படுறீங்க? போன கல்யாணத்தில நீங்க போட்ட குரவை என்ட போன்ல கிடக்கு. ஸ்பீக்கர்ல போட்டுவிடுவம்" என்றார்.

வந்ததே கோபம்! "நான் உசிரோட இரிக்கக்குள்ள என்ட மகளுக்குப் போன் குரவையா?" என்று கோணிய வாயாலேயே சீறினாள். அந்தக் கோபத்தில்தான் கேரளப் பயணம் முடிவானது. சொந்தக்காரி ஒருத்தி முன்பு இடுப்பு நோவுக்குப் போய் வந்த ஆயுர்வேத வைத்தியசாலை ஒன்று கொச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. புடவைக்கடைக்காரரான கணவர் ஹலீம், கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே புறப்பட்டார்.

அங்கே பத்தியம் என்று மீனையும் புளியையும் நிறுத்தினார்கள். வாவிக்கரையில் வளர்ந்தவளிடம் மீனைப் பறித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஹலீம் எதிர்க்கடையில் கரிமீன் பொரியலை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல வந்து நிற்பார். "கிட்ட வராதீங்க, மணக்குது!" என்று விரட்டுவாள். அவளுக்கோ மூக்கில் எண்ணெய்ச் சொட்டு, முகமெல்லாம் எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகை போட்டுக் காய்ச்சிய பாலின் ஆவி. பிந்து என்ற தாதி பலூனைக் கொடுத்து ஊதச் சொல்லுவாள். எச்சில்தான் வரும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டில் கல்யாணம். இந்துக் குடும்பம். தாலி கட்டும் நேரம் வேலிக்கு அப்பாலிருந்து குரவைச் சத்தம் எழுந்தது. கடல் கடந்து வந்த இடத்திலும் குரவையா! எண்ணெய் வழியும் முகத்தோடு ஸஹீதா துள்ளி எழுந்தாள். ஆனால் என்ன குரவை அது? இரண்டு பேர் போட்டு, மூச்சு வாங்கி, பாதியில் கைவிட்டுவிட்டார்கள். ஒரு மணப்பெண்ணை இப்படியா விடுவது? அவளுக்குப் பொறுக்கவில்லை. பிந்து தடுக்கத் தடுக்க முற்றத்துக்கு ஓடினாள்.

அப்போதுதான் எதிர்க்கடையிலிருந்து வந்த ஹலீம், "என்னகா செய்யிறாய்?" என்று பதறினார்.

இடக் கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கைச் சுழற்றினாள். உஸ் என்றது. மறுபடி மூச்சிழுத்தாள். வந்துவிட்டது! நடுக்கத்தோடு, அரைகுறையாய், ஆனாலும் குரவை. வேலிக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்து, எண்ணெய் முகத்தைக் கண்டு மிரண்டு, பிறகு சிரித்துக்கொண்டு பதில் குரவை போட்டார்கள். ஹலீம் நடு முற்றத்தில் நின்று குழந்தைபோலத் தேம்பினார். சத்தம் கேட்டு வந்த வைத்தியர், "இனி பலூன் வேண்டாம். தினமும் இதையே செய்யுங்க" என்றார்.

எண்ணெயா, ஆவியா, டொக்டர் சொன்னபடி நரம்பு தன்பாட்டில் தேறியதா? ஊரில் இன்றும் அந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஸஹீதாவைக் கேட்டால், "அல்லாஹ் தந்தான். மறுகா மத்ததெல்லாம் ஒங்கட கத" என்பாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை றிஸ்லான் வாசலுக்கு வந்து இறங்கினான். எல்லாப் பெண்களின் கண்ணும் ஸஹீதாவின் வாயில். வெறும் காற்றுப் போனால்? பெற்ற மகளின் வாசலில் மானம் போய்விடுமே! பிஸ்மில்லாஹ் சொல்லி மூச்சை இழுத்தாள்.

குரவை எழுந்தது. கன்னத்தில் கை இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விடுவார்களா? எதிர்க்குரவை போட்டார்கள். ஒவ்வொருத்தியாய் மூச்சு முட்டி ஓய்ந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் போட்டுப் பார்த்து, இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஸஹீதாவுடையது மட்டும் போய்க்கொண்டேயிருந்தது.

கடைசியில் அவளும் மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலேயே இன்னொரு குரவை பிடித்துக்கொண்டது. தலை குனிந்து, வாய் திறவாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய அறைக்குள்ளிருந்து!

"யா அல்லாஹ், பொண்ணே போடுறாள்!" என்று யாரோ கத்தினார்கள்.

"போடட்டும்" என்றாள் ஸஹீதா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "அவள் என்ட மகள்!"