ஒன்பது கற்களும் செம்பியின் காலும்

1974ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. நெடுந்தீவில் நான் மருத்துவிச்சியாக வேலை பார்த்த நாலாவது வருடம். அன்றைய நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழும்பினேன். நல்ல தண்ணீர்க் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி வந்தேன். ஏழரைக்குப் பிள்ளைகளை நிறுக்கும் கிளினிக். பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேர் நிறை குறைவு. மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், அரிசி முடிந்திருந்தது. பின்னேரம் மூன்று பத்துக்கு ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்தது.

வழக்கமாக இப்படி அழைப்பு வந்தால் பக்கத்துக் காணிக்காரரின் குதிரை வண்டிலில்தான் போவேன். தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைக் கூட்டத்தில் பிறந்தது அவர்களுடைய குதிரை. ஒரு கோடையில் தாய்க்குதிரை தண்ணீரில்லாமல் செத்துப்போக, பக்கத்தில் நின்ற குட்டியை வண்டில்காரரின் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்து, போத்தலில் ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தாராம். செம்பு நிறம் என்பதால் செம்பி என்று பெயர். உயரத்தில் சிறியது, ஆனால் என்னையும் என் பெட்டியையும் இழுத்துக்கொண்டு பவளப்பாறையை உடைத்துப் போட்ட முருகைக்கல் ரோட்டில் ஒரே சீராக ஓடும். நான் வண்டிலில் ஏறி இருந்து உடுப்பைச் சரிசெய்து முடிக்கும்வரை அசையாமல் நிற்கும். அந்த மனிதரை நான் அண்ணை என்பேன், மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கும் தீவுக்கும் நான் மிஸி, தாதிமாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்று அண்ணை செம்பியோடு இறங்குதுறைக்குச் சாமான் ஏற்றப் போயிருந்தார். காத்திருக்க நேரமில்லை. ரோட்டால் நடந்தால் முக்கால் மணித்தியாலம். அவர்களுடைய பின்காணிக்குள்ளால் குறுக்கே போனால் இருபது நிமிடம். நான் குறுக்கே போனேன்.

நெடுந்தீவில் காணிக்குக் காணி சாந்து பூசாமல் முருகைக்கற்களை அடுக்கிய வேலிதான். கடக்க வேண்டியவர் மேலே உள்ள கற்களை இறக்கி வைப்பார், கடப்பார், பிறகு மறுபடி ஏற்றி அடுக்கிவிட்டுப் போவார். அங்கே இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சாப்பிட்டால் கை கழுவுவது போல. அந்தப் பின்காணி வேலியில் நான் ஒன்பது கற்களை இறக்கினேன். வழியில் கிடக்கக் கூடாதென்று அவற்றை மூன்று மூன்றாக ஓரத்தில் அடுக்கினேன். திரும்பி வருவதும் இதே வழிதானே, வரும்போது ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஐந்து ஐம்பதுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆறு இறாத்தல் பத்து அவுன்ஸ். தாயும் சுகம். அந்த வீட்டார் என்னை நடக்க விடவில்லை. மாட்டு வண்டிலில் ரோட்டால் கொண்டுவந்து இறக்கினார்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். போன நேரம், வந்த நேரம், குழந்தையின் தலைச் சுற்றளவு. இறக்கிய கற்கள் மட்டும் என் நினைவுக்கு வரவேயில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அக்காவின் குரல் கேட்டு ஓடினேன். முதல்நாள் பொழுதுபட, வழக்கம்போல் செம்பியைப் பின்காணியில் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். வேலி தாழ்ந்திருந்த இடத்தால் அது வெளியே போக முயன்றிருக்கிறது. மேலே இருந்த கல் உருண்டு, பின்னங்கால் இரண்டு கற்களுக்கிடையில் இறுகிவிட்டது. பயத்தில் இழுத்து இழுத்து, குளம்புக்கு மேலே பின்புறம் தசை கிழிந்து தொங்கியது. அண்ணை கடப்பாறையால் கல்லை நெம்பிக் காலை எடுத்துவிட்டிருந்தார். மூன்று காலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது செம்பி.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, காட்டுக்குதிரைக் கூட்டத்தின் கறுத்த ஆண்குதிரையைத் திட்டினார். அவன்தான் செம்பியைத் தேடி வந்து வேலியைத் தள்ளி விழுத்தியிருக்கிறான், அவன் நாசமாய்ப் போவான் என்றார். கூடியிருந்தவர்களும் ஓம், கறுவலின் வேலைதான் என்றார்கள். முதல்நாள் நான் இறக்கிய ஒன்பது கற்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். காயத்தைக் கழுவ வெந்நீர் வையுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து மிருக வைத்தியர் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் தசைநார் பாதி அறுந்திருக்கிறது என்றார். ஊசி போட்டார். காயத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், காலை அசையாமல் கட்ட வேண்டும், காலையும் மாலையும் கடல் தண்ணீரில் நிறுத்த வேண்டும் என்றார். இரண்டு மூன்று கிழமைக்குள் அந்தக் காலை ஊன்றாவிட்டால் பாரம் தாங்கும் மற்றக் காலும் கெட்டுவிடும். அதற்குப் பிறகு வைத்து வருத்தக் கூடாது, ஆள் அனுப்புங்கள், நான் வந்து வேறு ஊசி போடுகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எந்த ஊசி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் காலை நான் எடுத்துக்கொண்டேன். அரசாங்கப் பஞ்சையும் துணியையும் தொட எனக்கு மனமில்லை. என்னுடைய இரண்டு பருத்திச் சேலைகளைக் கிழித்து அவித்துக் காயவைத்தேன். பனைமட்டையைச் சீவி, ஓரத்துக் கருக்கை மழித்து, இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினேன். குழந்தைகளின் தலையை அளக்க நான் வாங்கி வைத்திருந்த நாடாவால் வீக்கத்தை அளந்தேன். முதல்நாள் பன்னிரண்டேகால் அங்குலம். நல்ல கால் ஒன்பது. காலையில் ஐந்தரைக்கு ஒருமுறை, மாலையில் ஐந்தரைக்கு ஒருமுறை, முழங்கால் அளவு கடலில் இருபது நிமிடம். என் உடுப்பில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கயிற்றை அண்ணை பிடிப்பார். அக்கா சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றியபடி செம்பியோடு கதைத்துக்கொண்டிருப்பார். கட்டை அவிழ்க்கவும் கட்டவும் நான் ஒருவரையும் விடவில்லை. அக்கா கேட்டாலும், நீங்கள் விடுங்கோ, முடிச்சு இறுகினால் இரத்தம் ஓடாது என்று தடுத்துவிடுவேன்.

தீவில் கதை பரவியது. மிஸி ஒரு வாயில்லாச் சீவனுக்கு இப்படிப் பாடுபடுகிறா என்று கிளினிக்குக்கு வரும் தாய்மார் சொல்வார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் எனக்கு முதலில் தேநீர் ஊற்றித் தருவார், பனங்கட்டி தட்டுப்பாடான அந்த நாட்களிலும் ஒரு துண்டு தேடி எடுத்து வைப்பார். ஒருநாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கறுவல் ரோட்டோரம் மேய்வதைக் கண்டால் அவர் கல்லெடுத்து எறிவார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

யூலை 27, சனிக்கிழமை. வீக்கம் பத்தரை அங்குலத்துக்கு வந்திருந்தது. காயத்தில் புதுத்தசை சிவப்பாக வளர்ந்திருந்தது. ஆனால் பதினெட்டு நாளில் ஒருமுறைகூட அந்தக் கால் நிலத்தில் படவில்லை. செம்பி மெலிந்து விலா தெரிந்தது. மாலையில் கடலில் நிற்கும்போது அண்ணை கயிற்றைப் பார்த்தபடி, திங்கட்கிழமைப் படகில் வைத்தியருக்கு ஆள் அனுப்பப்போவதாகச் சொன்னார். அக்கா சிரட்டையை நிறுத்தவில்லை. அவர்கள் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள் என்று விளங்கியது.

நான் வீக்கத்தின் கணக்கை ஒவ்வொரு நாளாகச் சொன்னேன். இன்னும் பத்து நாள் தாருங்கள் என்றேன். அது நோகுது மிஸி, போதும் என்றார் அண்ணை. நான் விடவில்லை. குரலை உயர்த்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிஸி, போத்திலிலை பால் குடுத்து வளத்தவள் நான். எனக்கே விட மனம் வந்திட்டுது. உங்களுக்கேன் இந்தப் பிடிவாதம்?"

வேலியை இறக்கியது கறுவல் அல்ல, நான்தான் என்று சொன்னேன். எந்த நேரம், எதற்காக, எத்தனை கல் என்றெல்லாம் சொன்னேன். என் குரல் கிளினிக்கில் பதிவு வாசிப்பது போல எனக்கே கேட்டது.

அக்காவின் கையிலிருந்து சிரட்டை தண்ணீரில் விழுந்து மிதந்தது. அண்ணை மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் மிஸி. கறுவல் வேலியைத் தள்ளினால் கல்லு சிதறிக் கிடக்கும். இது மும்மூண்டா அடுக்கிக் கிடந்தது. குதிரை கல்லை எடுத்து அடுக்கி வைக்குமே? உந்த வடிவுக்கு அடுக்க இந்தத் தீவிலை வேற ஆர் இருக்கினம்?"

செம்பி அடிபட்ட அன்று காலையே, மற்றவர்கள் கவனிக்குமுன் அந்தக் கற்களைத் திரும்ப ஏற்றி, மனைவிக்குக்கூடச் சொல்லாமல் விட்டிருக்கிறார். பிரசவத்துக்குப் போன அவசரம் என்று அவருக்குத் தெரியும். அதோடு சொன்னால் நான் வெட்கப்பட்டு வராமல் விட்டுவிடுவேன், பிறகு காலுக்கு மருந்து கட்ட ஆளில்லை என்றும் யோசித்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அக்கா சிரிக்கவில்லை. "நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பன் மிஸி. நல்லா ஏசியிருப்பன். ஏசிப்போட்டு விட்டிருப்பன். பதினெட்டு நாளா உங்களைக் கும்பிட வைச்சிட்டியள்."

சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு கரையேறித் தனியாக வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அண்ணையும் செம்பியை மெதுவாகக் கொண்டுபோய்க் கட்டினோம். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதா இல்லையா என்று கேட்டேன். அவள்தான் சொல்ல வேண்டும் என்றார். அன்றைக்கு எனக்குத் தேநீர் வரவில்லை. அது நியாயம் என்றே பட்டது.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்தியருக்கு ஆள் போகவில்லை. ஓகஸ்ட் 4ஆம் திகதி மாலை, கடலை விட்டு ஏறும்போது செம்பி குளம்பின் நுனியை மணலில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. ஐப்பசி மழைக்குப் புல் முளைத்தபோது நொண்டி நொண்டி மேய்ந்தது. தைப்பொங்கல் கழிந்த பிறகு, வெறும் வண்டிலில் பூட்டிப் பார்த்தார்கள். கால் இலேசாக இழுத்தபடியே இருந்தது. பாரமான சாமான் பிறகு ஏற்றவில்லை. ஆனால் என்னையும் என் பெட்டியையும் இன்னும் ஐந்து வருடம், நான் புளியங்கூடலுக்கு மாற்றமாகிப் போகும்வரை, அதுதான் பிரசவ வீடுகளுக்குக் கொண்டுபோனது. கறுவலை அக்கா கடைசிவரை திட்டிக்கொண்டுதான் இருந்தார். இதற்கில்லாவிட்டால் வேறு எதற்காவது இருக்கட்டும் என்பார்.

ஆனால் செம்பி காலை ஊன்றிய அந்த மாலையைவிட, நான் உண்மையைச் சொன்னதற்கு மறுநாள் காலைதான் எனக்கு இன்றும் முன்னுக்கு வந்து நிற்கிறது. ஒரு பிழையை மறைத்து வைத்திருப்பவர் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வார், அதைப் பார்ப்பவர்கள் அன்பு என்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை. போவதா விடுவதா என்று படலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஐந்து நாற்பதுக்கு உள்ளே போனேன். முதன்முறையாகப் பத்து நிமிடம் பிந்தியிருந்தேன். அக்கா பூசைக்குப் போக உடுத்திருந்த வெள்ளைச் சேலையோடு செம்பியின் காலடியில் குந்தியிருந்தார். பழைய கட்டு அவிழ்த்துக் கிடந்தது. என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"துணியைத் தாங்கோ. இனி நான் கட்டுறன். நீங்கள் காலைப் பிடியுங்கோ."

கொடுத்தேன். அவர் கட்டிய கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது, முடிச்சு இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு அங்குலம் விலகியிருந்தது. சரியோ என்று கேட்டார். இரத்தம் ஓடுகிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்; ஓடியது. சரி அக்கா என்று சொல்லி, அதை அப்படியே விட்டேன்.