விளக்கு மட்டும்தான் மலையேறணுமா?

எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம். மலையேறிவிட்டது என்போம். அணைக்க வேண்டியிருந்தாலும் வாயால் ஊதக் கூடாது. ஒரு பூவை வைத்துத் திரியை மெல்ல அமுக்கி மலையேற்ற வேண்டும். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர் ஆடி ஓய்ந்தாலும் அதே சொல்தான். என் மாமனார் கருப்பருக்கு ஆடியவர். கையில் அரிவாளோடு ஆடி, குறி சொல்லி முடித்து, உடம்பு தளரும் நேரத்தில், "சாமி மலையேறுது, வழிய விடுங்கப்பா" என்று பூசாரி சத்தம் போடுவார். கூட்டம் விலகி நிற்கும்.

வழி விட்டவர்களெல்லாம் மாமனாரைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வழியைப் பார்ப்பேன். எந்தப் பக்கமாகப் போகிறது? ஒக்கூர்ப் பக்கம் எங்கள் ஊர். எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் கண்மாய்க் கரைதான் உயரம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சாமி மலையேறுதுங்கிறாகளே, எந்த மலைக்கு? பிரான்மலைக்கா?"

அவர் தன் தம்பியைக் கூப்பிட்டு, "டேய், இங்க வா. ஒங்க மதினி சாமிக்கு அட்ரஸ் கேக்குறா" என்றார். சிரித்து முடித்துவிட்டு என்னிடம், "ஒல கொதிக்குது, போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். உலை கொதிக்கத்தான் செய்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மாமனார் காலமானபோது, "பெரியவுக மலையேறிட்டாக" என்றுதான் கண்டரமாணிக்கம் வரைக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அப்போதும் யாரும் எந்த மலை என்று சொல்லவில்லை. பிறகு என் வீட்டுக்காரரும் போய்விட்டார். இனி யாரைக் கேட்பது?

போன வருஷம் காரைக்குடியில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் யாத்திரை கூட்டிப் போகிறவர்களின் ஆபீஸ். அதன் சுவரில் ஒரு படம். செங்குத்தான பாறை, அதன் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோயில். கீழே மேகம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பூ, ட், டா, ன் என்று கூட்டினேன். உள்ளே போய், "இந்த மலை மேல வெளக்கு எரியுமா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண், "ராத்திரி பகலா எரியும்மா, நெய் விளக்கு" என்றாள். பாஸ்போர்ட் கூட வேண்டாமாம், ஓட்டுப் போடுகிற கார்டு போதுமாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மகன் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"ஆத்தா, ஒங்களுக்கு மச்சுப்படி ஏறவே முட்டி ஒத்துழைக்கல. காசிக்குப் போங்க, நானே கூட்டிப் போறேன்."

"காசியில போயி என்னத்த முங்க? முங்குறதெல்லாம் இங்கயே முங்கியாச்சு."

என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பூட்டானா? பூட்டுன வீடு பாக்கணும்னா கானாடுகாத்தானுக்குப் போங்கக்கா. தெருத் தெருவாப் பூட்டித்தான் கெடக்கு. டவுன் பஸ்ஸே போகுது."

"மொதல்ல ஒன் வாயப் பூட்டு. நான் மலையேறப் போறேன்."

உரித்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ, அந்தச் சொல்லைச் சொல்லாதீகக்கா! வெளக்குத்தான் மலையேறும். மாமா மலையேறுனாக. நீங்க ஏன் வாயால அதச் சொல்லிக்கிட்டு?"

எனக்குக் கோபம் வந்தது. சாமி ஏறுகிறது, விளக்கு ஏறுகிறது, செத்தவர்கள் ஏறுகிறார்கள். உயிரோடு இருக்கிறவள் ஏறினால் மட்டும் குற்றமா? "வெளக்குக்குக் காலா இருக்கு? எனக்கு இருக்குல்ல. வருஷா வருஷம் பழனிக்கு நடந்த காலு" என்றேன். மகன் கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டான். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், மலையை மட்டும் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நான் சரி என்று சொல்லவில்லை. சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான்.

கல்கத்தா வரைக்கும் விமானம், அப்புறம் இன்னொரு விமானம், அப்புறம் பஸ். எங்களைக் கூட்டிப்போனவர் கோயம்புத்தூர்த் தம்பி. நல்ல பிள்ளை, பேச்சில் தேன் வடியும். ஆனால் எடுத்ததும் என்னைப் பாட்டிம்மா என்றார். எல்லையில் கையெழுத்துப் போடும் இடத்தில் என் கைநாட்டுக்கு மை டப்பாவைத் தேடினார். நான் பேனாவை வாங்கி என் பெயரை நிதானமாக எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

"தம்பி, பாட்டி ஒங்க வீட்டுல இருப்பாக. என்னைய ஆத்தான்னு கூப்பிடுங்க" என்றேன்.

"சரிங்க ஆத்தா" என்றார். அன்றிலிருந்து ஆத்தாதான். இதனால் பின்னால் என்ன வந்தது என்று சொல்கிறேன்.

அந்த நாட்டில் சமதரை என்பதே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மலை. வீட்டுக் கூரைகளில் சிவப்பு மிளகாயைக் காயப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஊர் வந்தது போல இருந்தது. சாப்பாட்டில் மிளகாய்தான் காய். பச்சை மிளகாயைக் கீறிப் பாலாடைக்கட்டியில் வேகவைத்துக் குழம்பு என்று கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயிர் கேட்டார்கள். நான் இரண்டாம் தரம் வாங்கினேன். பரிமாறிய பெண் என்னையே பார்த்தாள். "காரைக்குடிப் பக்கத்துக்காரிகிட்டயா காரத்தக் காட்டுற?" என்று தமிழிலேயே கேட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, இன்னொரு கரண்டி போட்டாள்.

மலையேறுகிற நாள் வந்தது. அடிவாரத்தில் குதிரைகள் நின்றன. கோயம்புத்தூர்த் தம்பி வந்து கையைப் பிசைந்தார்.

"ஆத்தா, உங்க பையன் என்ற கிட்ட சத்தியம் வாங்கியிருக்காருங்க. நீங்க பஸ்லயே இருந்துக்கங்க."

"சத்தியம் பண்ணுனது நீங்க. நான் பண்ணலையே."

"அப்ப குதிரையிலயாச்சும் பாதி தூரம் போங்க."

"குதிரை அய்யனாருக்கு. எனக்கு எதுக்கு?"

ஒரு ஊன்றுகோல் வாங்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் கூட்டத்தில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குதிரை மேலிருந்து, "பார்த்தும்மா, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் முகம் வெளுத்திருந்தது. குதிரை ஓரத்திலேயே நடக்கும், கீழே பாதாளம்.

பழனிக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையைப் பார்க்க மாட்டோம். முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்ப்போம். குதிகால் நகர்ந்தால் நாமும் நகர்வோம். எனக்கு முன்னால் அந்த நாட்டு வழிகாட்டி போனார். முழங்கால் வரைக்கும் அங்கி, நீளக் காலுறை, கறுப்பு ஷூ. அந்த ஷூவையே பார்த்து ஏறினேன். மரமெல்லாம் பிசின் வாசம். ஓடைத் தண்ணீர் தள்ளி, மந்திரம் எழுதிய ஒரு ஜெப உருளை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மணி அடித்தது. மனுஷர் மறந்தாலும் தண்ணீர் சாமி கும்பிடும் என்று ஏற்பாடு. கெட்டிக்காரர்கள்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. உட்கார்ந்ததுதான் தப்பு. முட்டி வீங்கி, எழுந்தால் வலி இடுப்பு வரைக்கும் போனது. மூச்சும் சரியில்லை. எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், படத்தில் பார்த்த அதே கோயில். கை நீட்டினால் எட்டும் போல இருந்தது.

தம்பி என் அருகில் குந்தி உட்கார்ந்தார். "இது போதுங்க ஆத்தா. இங்கிருந்தே கும்பிட்டுக்கங்க. சாமி உங்களப் பாத்துக்கும்."

அவர் சொன்னது அன்பான பேச்சுதான். கொஞ்ச நேரம் நானும் யோசித்தேன். இங்கேயே நின்றுவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இந்த முட்டியோடு இவ்வளவு ஏறியதே பெரிது என்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இந்த 'இவ்வளவே பெரிது' என்பதைத்தான் கேட்டிருக்கிறேன்.

"சாமி என்னையப் பாக்குறது இருக்கட்டும். நான் பாக்கணும்ல?" என்று எழுந்தேன்.

அதற்குப் பிறகு இறங்கி ஏற வேண்டும். படி படியாகப் பள்ளத்துக்குள் இறங்கி, அருவிக்கு முன்னால் பாலம் தாண்டி, மறுபடி ஏற்றம். இறக்கத்தில்தான் முட்டி கதறும். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். ஏறி வந்த வெள்ளைக்காரி ஒருத்தி கை கொடுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அப்புறம் மரியாதைக்காகச் சிரித்தேன்.

கோயில் வாசலில் செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். தம்பி போனை வைக்கப் போனார்.

"இருங்க. என் மகனுக்கு ஒரு வார்த்தை போட்டுவிடுங்க."

"என்னன்னு போட?"

நான் நிமிர்ந்து நின்றேன். "ஆத்தா மலையேறிருச்சுன்னு போடுங்க."

அவர் மரியாதை தெரிந்த பிள்ளை. 'ஆத்தா மலையேறிட்டாங்க' என்று போட்டார். போனைப் பூட்டினார். நாங்கள் உள்ளே போனோம்.

உள்ளே குளிர்ந்த பலகைத் தரை. அவர்களுடைய குருசாமி புலி மேல் ஏறிப் பறந்து இந்தப் பாறைக்கு வந்தாராம். எங்கள் அம்மனும் புலியில் வருகிறவள்தான், அதனால் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. மொட்டைத் தலைச் சாமியார் ஒருவர் உள்ளங்கையில் தீர்த்தம் விட்டார். குடித்துவிட்டுத் தலையில் தடவிக்கொண்டேன். சொல்லிக் கொடுக்காமலே செய்ததைப் பார்த்து அவர் தலையசைத்தார்.

பக்கத்து அறையில் விளக்குகள். வெண்கலக் கிண்ணங்களில் நெய் உருகி, வரிசை வரிசையாகச் சுடர். அந்தச் சூட்டில் முகம் வியர்த்தது. நானும் ஒன்று ஏற்றினேன். ஓரத்தில் ஒரு விளக்கு நெய் வற்றி, நீலமாகச் சிறுத்து, இரண்டு தரம் துள்ளி நின்றுவிட்டது. நூலாகப் புகை எழுந்தது.

வழிகாட்டியைக் காட்டித் தம்பியிடம் கேட்டேன். "இவுக ஊருல இத என்ன சொல்வாகன்னு கேளுங்க."

அவர் கேட்டார். அந்த மனிதர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபினிஷ்" என்றார்.

"ஃபினிஷா! கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க. எங்க ஊருல இது மலையேறுதுன்னு சொல்வோம். இங்க ஏற்கெனவே மலையிலதான இருக்கு, இனி எங்குட்டுப் போகும்?"

தம்பி எப்படியோ அதை இந்தியில் சொல்லி முடித்தார். வழிகாட்டி சிரிக்கவில்லை. என்னைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார். கோயிலுக்கு மேலே பாறை. பாறைக்கு மேலே மரம். அதற்கும் மேலே, மேகத்துக்குள்ளிருந்து இன்னொரு மலை.

அவ்வளவு ஏறியும் அந்த இடம் இன்னும் மேலேதான் இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இல்லை. என் கேள்விக்கு யாரும் சிரிக்காமல் ஒரு திசையைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வெளியே வந்து போனை எடுத்தால் அது கையிலேயே துடித்தது. தம்பி காதில் வைத்தார், முகம் மாறியது. "இல்லீங்க, இல்லீங்க, நல்லா இருக்காங்க! ஆத்தா இங்கதான் நிக்கிறாங்க!" என்று கத்தினார். சாமியார்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனை வாங்கினேன். மறுமுனையில் என் மகன் விம்மிக்கொண்டிருந்தான். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன், பேரன் எடுத்தவன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"நான்தான்டா பேசுறேன். எதுக்கு அழுகுற?"

"ஆத்தா... மலையேறிட்டாங்கன்னு போட்டிருந்துச்சே ஆத்தா!"

"ஏறுனேன். அதான் போட்டேன்."

ஓரகத்தி போனைப் பிடுங்கிவிட்டாள். "அன்னைக்கே சொன்னேன்ல, அந்தச் சொல்ல எடுக்காதீகன்னு! ஊரே வந்து உக்காந்திருக்கு. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. நீங்க படுக்குற எடத்துல தலைமாட்டுல வெளக்கேத்தி வச்சிட்டேன்."

"எந்த வெளக்கு?"

"நம்ம காமாட்சி வெளக்குத்தான்."

"நல்லெண்ணெயா ஊத்துன?"

"நல்லெண்ணெய்தான். இப்ப அது ஒண்ணுதான் கேடா? சொல்லுங்க, இத என்ன செய்ய? உசுரோட இருக்கிறவுகளுக்கு ஏத்துனத வச்சிருக்கலாமா? மலையேத்திரவா?"

"தொட்டுறாத. எண்ணெய ஊத்து. நான் எறங்கி வாரேன்."

ஊர் வந்து சேர்ந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திட்டிக்கொண்டே எண்ணெய் ஊற்றியிருக்கிறாள், தரையெல்லாம் பிசுக்கு. பந்தல் கம்புகளை இன்னும் வாசலோரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றைத் தாண்டி உள்ளே போய், என் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஓரகத்தி கையில் ஒரு அரளிப் பூவோடு வந்து நின்றாள்.

"இப்பவாச்சும் மலையேத்திரவாக்கா?"

"என்ன அவசரம்? எரியட்டும்" என்றேன். "வழி எனக்குத் தெரியும். போறப்ப நானே சொல்றேன்."