காட்டேரிக்கு வைத்த சிங்கப்பல்

பனியன் கம்பெனியில் என்னைப் போல வெளிநாட்டு ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு ஐப்பசி மாதம் மாசியிலேயே வந்துவிடும். அக்டோபர் கடைசியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பண்டிகை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் போடும் டி-ஷர்ட்டில் பாதி திருப்பூரில் தைத்ததாகத்தான் இருக்கும். பூசணிக்காய், எலும்புக்கூடு, சூனியக்காரி என்று படம் வருஷத்துக்கு வருஷம் மாறும். மாறாமல் வருகிறவர் ஒருவர்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தூக்கி நிற்கும் காலர், கறுப்பு அங்கி, உதட்டுக்கு வெளியே இரண்டு கூர்ப்பல். ரத்தக் காட்டேரி.

அவருடைய கதையை நான் படித்ததில்லை. எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் பெண்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் முதல் பிரிண்ட் வந்து மேஜையில் விரித்ததும் பீகாரிலிருந்து வந்த பையனுக்கும் ஆளைத் தெரிந்தது, சிவகாசிப் பக்கத்து அக்காவுக்கும் தெரிந்தது. எங்கோ குளிர் தேசத்துக் கோட்டையில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தவர், இங்கே தேர்த்திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் பல்லாகத் தொங்குகிறார், டிவி காமெடியில் அங்கியை விரித்துக்கொண்டு வருகிறார், கண்டிப்பான சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயராகவும் இருக்கிறார். இந்த வெயிலில் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் எப்படித்தான் இருக்கிறாரோ என்று நான் கிண்டல் செய்வேன். அவரை வைத்துத்தான் எங்களுக்குப் பிழைப்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம்மூர்ப் பேய்க்குப் பல் முக்கியமே இல்லை. விரித்த தலையும் வெள்ளைச் சேலையும் தரையில் படாத காலும் இருந்தால் போதும். கோரைப்பல் என்றால் அது எல்லையில் நிற்கும் சாமிக்கு. மனுஷப் பிள்ளைக்கு வரிசை தாண்டி மேலே முளைத்த சிங்கப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். என் அண்ணன் மகளுக்கு இரண்டு பக்கமும் சிங்கப்பல்.

அண்ணன் வீடு அனுப்பர்பாளையத்தில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அண்ணனும் அண்ணியும் வேறு வேறு கம்பெனியில் டெய்லர்கள். அவர்கள் ஷிப்டு முடிந்து வரும்வரை மகள் என் வீட்டில்தான் இருப்பாள். ஒன்பதாவது படிக்கிறாள். அவள் சிரித்தால் அந்த இரண்டு பல்லும் முதலில் வெளியே வந்து எட்டிப்பார்க்கும். இடது பக்கத்துப் பல் லேசாகத் திரும்பியிருக்கும். 'மகாலட்சுமி சிரிப்பு' என்று நானே எத்தனையோ தடவை சொல்லிக் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறேன்.

போன வருஷம் காட்டேரி ஆர்டர் வந்தபோது எல்லாம் சரியாகப் போனது, பல்லைத் தவிர. நாங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் திருப்பித் திருப்பி அதையே சொன்னார். பல் செயற்கையாக இருக்கிறது, நாய்ப்பல் மாதிரி இருக்கிறது, குழந்தைகளுக்குப் பயமும் வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், நிஜ வாயிலிருந்து முளைத்த பல்லாக இருக்க வேண்டும். பிரிண்டிங் யூனிட்டில் இருந்த ஆர்ட்டிஸ்ட் நான்கைந்து விதமாக வரைந்து பார்த்துவிட்டு, நிஜப்பல் வேண்டுமென்றால் யாரையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டோ அனுப்புங்கள் என்று சலித்துக்கொண்டார். அப்ரூவல் தள்ளிப்போனால் கட்டிங் நிற்கும். கட்டிங் நின்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் என் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் மேனேஜர் போனில் பையரிடம் குழைகிற மாதிரி பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போனை எடுத்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நான் அவளை எப்போதும் போட்டோ எடுக்கிறவள்தான். கண்ணையும் மூக்கையும் வெட்டிவிட்டு வாயை மட்டும் ஆர்ட்டிஸ்ட்டுக்கு அனுப்பினேன். யாருடைய வாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைப் பார்த்து வரைந்த மாதிரிக்கு பையர் உடனே சம்மதம் சொல்லிவிட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆடியில் ஷிப்மெண்ட் போனது. மிஞ்சிய பீஸ்கள் வழக்கம்போல லேபிளை வெட்டிவிட்டு காதர்பேட்டை மலிவுத் துணிக்கடைகளுக்குப் போயின. இந்த ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தைத்தது முதலில் உள்ளூர்ப் பிள்ளை மேல்தான் ஏறும். ஆவணி பிறப்பதற்குள் அந்தக் காட்டேரி பிளாட்பாரக் கடையில் தொங்கினார், ஸ்கூல் வேனில் போனார், வெள்ளகோவில் சந்தைவரை போய் வந்தார். நானும் என் பங்குக்கு ஒரு பை நிறைய எடுத்துவந்து தீபாவளிக்குத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் தெருவுக்குச் செய்கிற மரியாதை அது. கொடுக்காவிட்டால்தான் பேச்சு வரும்.

அண்ணன் மகளுக்கும் ஒன்று கொடுத்தேன். பிரித்து, மடியில் விரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் பல்லு யாருங்கத்தை வரைஞ்சது?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல வர்றதுதான் கண்ணு. எல்லாக் காட்டேரிக்கும் பல்லு இப்படித்தான் இருக்கும்" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது. அவள் சட்டையை மடித்து வைத்துவிட்டாள். ஒருநாளும் போடவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தில் கேலி தொடங்கியது. ஒரு பையன் அந்த டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அதிலிருந்து அவளுக்குப் பெயர் காட்டேரி. கூட்டாளிகள் அவள் பக்கத்தில் உட்காரும்போது விளையாட்டுக்குக் கழுத்தைப் பொத்திக்கொள்வார்களாம். இதையெல்லாம் அண்ணிதான் சொன்னாள். பிள்ளை சொல்லவில்லை. பேசும்போது கையை வாய்க்குக் கொண்டுபோனாள், அப்புறம் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். சிங்கப்பல் அதிர்ஷ்டமாயிற்றே என்று தெருப் பெண்கள் எடுத்துச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் சொல்லிவந்ததை ஒரு டி-ஷர்ட் ஒரே பருவத்தில் அழித்துவிட்டது. அந்த டி-ஷர்ட்டில் இருந்த பல்லை எடுத்துக் கொடுத்தது நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்லைச் சரிசெய்தால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று இந்தத் தையில் அவள் ஒரே பிடியாக நின்றாள். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் என்னிடம் வந்து, "நீ சொன்னா கேப்பா. வேண்டாம்னு சொல்லிப் பாரு. கேக்கலைன்னா நீயே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிரு" என்றார். நான் என்ன சொல்லி அவளைத் தடுப்பது? உன் பல்லில் ஒரு குறையும் இல்லை, குறை என்னுடையது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

டாக்டரம்மா பொறுமையானவர். வாயைப் பார்த்துவிட்டு, சிங்கப்பல்லை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று விளக்கினார். அதற்குப் பின்னால் இருக்கும் பல்லை இரண்டு பக்கமும் எடுத்து இடம் உண்டாக்கி, கம்பி கட்டி, சிங்கப்பல்லை மெல்ல வரிசைக்கு இறக்க வேண்டும். எடுக்கப்போகிற பல் இரண்டும் நல்ல பல், சொத்தைகூட இல்லை என்றார். இப்படியே விட்டாலும் கெடுதல் ஒன்றும் வராது, பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, இன்னொரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எங்களை வெளியே உட்காரவைத்தார்.

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் ஒருவேளை அவள் எழுந்து என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊர்ப் பிள்ளைகள் கேலிக்காக ஏன் நல்ல பல்லை எடுக்கணும் கண்ணு என்று சுற்றிவளைத்துத் தொடங்கினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"அவங்க கேலி பண்றதுக்காக இல்லீங்கத்தை. அது எம்பல்லுன்னு எனக்குத் தீபாவளியன்னைக்கே தெரியுமுங்க. இடது பக்கம் திரும்பியிருக்குதுல்லீங்க, தெனமும் கண்ணாடியில பாக்கறனே. நீங்க போட்டோ எடுத்ததும் ஞாபகம் இருக்குதுங்க."

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன். கேட்டேனே, கம்ப்யூட்டர் என்று சொன்னீர்களே என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மகாலட்சுமின்னு சொல்லுவீங்களே. பேய்க்குப் பல்லு வேணும்னப்போ எம்மொகந்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவசரம், வேலை, கையில் போன் இருந்தது, எதிரில் நீ இருந்தாய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆர்ட்டிஸ்ட் நிஜப்பல் வேண்டும் என்று சொன்ன அந்த நிமிஷமே இவள் முகம்தான் எனக்கு வந்தது. வேறு யாரையும் நான் யோசிக்கக்கூட இல்லை. செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளிய காலத்திலும் உள்ளுக்குள் எங்கோ நானும் அந்தப் பல்லைக் காட்டேரிப் பல்லாகத்தான் பார்த்திருக்கிறேனோ என்று நினைத்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தானாக எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது கன்னம் மரத்துப் போயிருந்தது. ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து, விழாமல் இருக்க வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயில் பஞ்சைக் கடித்திருந்ததால் வீடு வரும்வரை அவளால் பேச முடியவில்லை. நான் பேசாமல் வந்ததற்கு அப்படி ஒரு காரணம்கூட இல்லை.