சீட்டில் எழுதாத வரி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெயசுதா டியூஷன் எடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பயன்பாட்டு உளவியல் படிக்கிறவர்களுக்கு. பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் தடிதடியாக வரும். பலர் கவரைக்கூடப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் காசிநாதன் அவர்களை வழிமறித்து, "உங்க மேடம் ஊரான் மனசையெல்லாம் படிக்கிறாங்க. எனக்குப் பசிக்குதுன்றது மட்டும் அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது" என்பான்.

புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவன் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை விசிறினால் அது இடமாற்றம். பேருந்து நிலையத்தில் நூறு ஊர்ப் பெயர்களைக் கூவினாலும் ஒரே ஒரு பெயர் உன் காதில் விழுந்தால் அது தேர்ந்த கவனம். சன்னலைத் திறந்துவிட்டு, "கேளுங்க. யாருக்கு எந்த ஊரு கேக்குது?" என்பாள். ஒருத்தி தியாகதுருகம் என்பாள், ஒருவன் சங்கராபுரம் என்பான். ராசு வெள்ளிமலை என்பான்.

ராசு கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையில் இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் நடக்கவேண்டிய ஊர். இருபத்தாறு வயது, ஒரு மாணவர் விடுதியில் சமையல் உதவியாளர் வேலை. விடுதிப் பையன்கள் இரவில் அழுகிறார்கள், என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன் என்று முதல் நாளே சொன்னவன்.

எதை வேண்டுமானாலும் வாயால் சொல்லிக் கொடுக்கலாம், ஒருவர் பேச இன்னொருவர் கேட்பதை மட்டும் செய்துதான் பழக வேண்டும் என்பது ஜெயசுதாவின் கட்சி. அதற்காக அறையின் நடுவே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். ஒருவர் அதில் உட்கார்ந்து, உதவி கேட்டு வந்தவராக நடிக்க வேண்டும். அவருடைய கஷ்டம் என்ன என்று ஜெயசுதா ஒரு சீட்டில் நான்கு வரி எழுதித் தருவாள். எதிரே உட்காருகிறவர் ஆலோசகர். இருபது நிமிடம். முடிந்ததும் நாற்காலிக்காரர் தன் சொந்தப் பெயரையும், ஊரையும், காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அடுத்தவன் துக்கத்தை மேலே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாதில்லையா, அதற்கு.

அன்று ராசுவின் முறை. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: வயது இருபத்தைந்து. தேர்வு பயம். தூக்கம் குறைவு. நண்பர்கள் இல்லை. எதிரே பிரவீன்குமார் உட்கார்ந்திருந்தான்.

தூக்கத்தைப் பற்றி ஆரம்பித்த ராசு, பாதியில் வேறு எங்கோ போனான். "தம்பி போனதுக்கு அப்புறம் வூட்ல யாரும் அவன் பேரைச் சொல்றதில்லீங்க. நான் சொன்னா அம்மா எழுந்து வெளிய போயிடுது. அதனால ராத்திரியில நான் மட்டும் சொல்லிப் பாத்துக்கினு இருக்கறேன். மெதுவாத்தான். செவுத்தைப் பாத்துக்கினு."

பிரவீன்குமார் காகிதத்தைப் பார்த்து, "இதனால படிப்பு கெடுதுங்களா?" என்றான். நேரம் முடிந்ததும் கைதட்டினார்கள். "இன்னா ஆக்டிங்குடா! சினிமாவுக்குப் போடா நீ" என்று பிரவீன்குமார் அவன் தோளில் அடித்தான். ராசுவும் சிரித்தான். ஜெயசுதா பிரவீன்குமாரின் கேள்விகளில் இருந்த குறைகளைக் கரும்பலகையில் ஒன்றொன்றாக எழுதினாள். ராசுவுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டாள்.

அப்போது கீழே கண்டக்டர் கூவினார். வெள்ளிமலை, வெள்ளிமலை. ஐந்தரை மணி வண்டி. அதை விட்டால் ராசு ஊர் போய்ச் சேர அன்றைக்கு வேறு வண்டி இல்லை. "ஓடுப்பா, ஓடு" என்று அவள்தான் விரட்டினாள். அவன் புத்தகத்தை அள்ளிக்கொண்டு படியிறங்கினான். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டானா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு மலையேறிப் போனபோதுதான், அவனுக்கு ஒரு தம்பி இருந்ததும், அந்தத் தம்பி முந்தைய வருடம் காய்ச்சலில் போனதும் ஜெயசுதாவுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். நான்கு வரிகள். அதில் தம்பி இல்லை, அம்மா இல்லை, சுவர் இல்லை. அத்தனையையும் அவன் சொல்லியிருந்தான். அவள் அதற்கு மதிப்பெண் போட்டிருந்தாள்.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்த அறையில் நடிப்பும் இல்லை, சீட்டும் இல்லை. குறிப்புகளைச் சொல்லுவாள், எழுதிக்கொள்வார்கள். நாற்காலி மட்டும் அதே இடத்தில் கிடந்தது. கூட்டம் ஜாஸ்தியாகி இடம் இல்லாதபோதும் அதில் யாரையும் அவள் உட்காரவிடவில்லை. ஒருநாள் காசிநாதன் அதைக் கடைக்கு எடுத்துப் போகக் கை வைத்தான். "அவன் இன்னும் எழுந்திருக்கலைங்க" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. காசிநாதன் கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு படியேறுகிறவர்களை வழிமறித்து அந்தப் பழைய கேலியைப் பேசுவதையும் நிறுத்திவிட்டான்.

சன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். சாத்தினாலும் கேட்டது. எத்தனையோ ஊர்களைக் கூவினார்கள், ஒன்றுதான் கேட்டது.

கலையரசி கச்சிராயபாளையத்துப் பெண். கரும்பு வெட்டும் கூலிக் குடும்பம். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, ஆலோசகராக உட்கார்ந்து பேசிக் காட்டும் செய்முறையில் தோற்றுப் போயிருந்தாள். மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மற்றவர்கள் போன பிறகும் அவள் எழவில்லை.

"ரேஷன் கடையில கார்டு நெம்பர் கேக்கற மாதிரி கேக்கறியேன்னு பரீட்சைக்கு வந்த சாரு சிரிச்சாருங்க மேடம். இந்தத் தடவையும் போச்சுன்னா வூட்ல கட்டிக் குடுத்துடுவாங்க. பேசிப் பாக்காம எப்படிங்க கத்துக்கறது?"

"வேற யாருகிட்டயாவது பழகிப் பாரும்மா."

"வேற யாரு இருக்கறாங்க இங்க?"

ஜெயசுதா நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணை அதில் உட்கார வைக்க அவளால் முடியாது. கடைசியில் ஒரு சீட்டு எழுதினாள்: வயது நாற்பது. வியாபாரம் மந்தம். தலைவலி. பிறகு தானே போய் அதில் உட்கார்ந்தாள்.

முதல் ஐந்து நிமிடம் தலைவலியைப் பற்றிச் சொன்னாள். கலையரசி எழுதிக்கொண்டே கேட்டாள். எப்போது வலிக்கும்? சாயங்காலம். எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கு.

"அஞ்சரைக்கு இன்னா ஆவும்?"

"கூப்பிடுவாங்க. எத்தனையோ ஊரு பேரு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுதான் வுழுது. ஒருத்தன் எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். நான் அவனைப் பஸ்சுக்கு வெரட்டினேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கலையரசி சீட்டைப் பார்த்தாள். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தாள். பேனாவையும் நோட்டையும் தரையில் வைத்தாள்.

"மேடம், இது சீட்டுல இல்லீங்களே. இது உங்களுதா?"

எவ்வளவு சின்னக் கேள்வி. இரண்டு வருடமாக ஒவ்வோர் இரவும் மனதுக்குள் ராசுவைப் பார்த்து ஜெயசுதா கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அன்றைக்கு அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவராவது கேட்டிருக்கலாம். அவள் கேட்டிருக்க வேண்டும்.

"ஆமாம்மா" என்றாள்.

கீழே கண்டக்டர் கூவ ஆரம்பித்தார். வெள்ளிமலை, வெள்ளிமலை. அது கச்சிராயபாளையம் வழியாகப் போகும் வண்டி. ஜெயசுதா திடுக்கிட்டு, "உன் வண்டிம்மா, ஓடு" என்றாள். கலையரசி தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போனா போவட்டுங்க. நீங்க சொல்லுங்க."

வண்டி புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. அவள் சொன்னாள். தம்பி, சுவர், ஒன்பது மதிப்பெண், எல்லாம். சொல்லி முடித்தபோது அறை இருட்டியிருந்தது. இருவரும் விளக்கைப் போடவில்லை.

"இப்போ பேரு சொல்லணும் மேடம்" என்றாள் கலையரசி மெல்ல. இந்த விதியைக் குறிப்பில்தான் படித்திருந்தாள், நடந்து பார்த்ததில்லை.

"ஜெயசுதா."

"ஊரு?"

"கள்ளக்குறிச்சி."

"காலையில இன்னா சாப்புட்டீங்க?"

அவளுக்கு நினைவு வரவில்லை. யோசித்துப் பார்த்தாள். கைகளை நாற்காலியின் இரண்டு பக்கமும் ஊன்றினாள். கால் எழவில்லை.

கலையரசி காத்திருந்தாள்.

"அவசரம் இல்லீங்க மேடம். எனக்கு ஏழே காலுக்கு இன்னொரு வண்டி இருக்குது."